நெவிலின் கைப்பக்குவம்

ரப்பர் குழாயின் ஒரு முனை பீப்பாய்க்குள் இருந்தது. மறுமுனை நெவிலின் வாயில். கன்னம் ஒட்டிப்போகும்வரை உறிஞ்சிப் பார்த்தார். வாய்வரை வந்த பீர், குழாயைப் பாட்டிலுக்கு இறக்கியதும் திரும்பி ஓடிவிட்டது.

"பீப்பாயும் தரையில இருக்கு, பாட்டிலும் தரையில இருக்கு. பீர் என்ன ஏணி போட்டா ஏறி வரும்?" என்றாள் அவர் மனைவி டோரீன், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.

நியாயமான கேள்வி. நெவில் பீப்பாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சமையலறை மேஜைமேல் வைத்தார். வாரக்கணக்கில் அடியில் படிந்திருந்த வண்டல் குலுங்கி எழுந்தது. பொன்னிறமாக இருந்த பீர், பர்ன்லி ஊர்க் கால்வாய்த் தண்ணீர்போலக் கலங்கிவிட்டது.

வேலை பார்த்த நூற்பாலை மூடியபின் நெவிலுக்கென்று ஊரில் மிச்சமிருந்த பெயர், வீட்டிலேயே காய்ச்சும் இந்த பீர்தான். தெருவில் யாராவது கதவைத் தட்டினால், "ஒரு பாட்டில் இருக்குமா நெவில்?" என்றுதான் இருக்கும். காலி பாட்டிலைக் கழுவித் திருப்பித் தரும்போது, "பிரமாதம்" என்பார்கள். ஆனால் அவர் கண்ணெதிரே இதுவரை யாரும் குடித்ததில்லை. சனிக்கிழமை தெரு விருந்து. நடுத்தெருவில் மேஜை போட்டு, அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கப்போகிறார்கள். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் அவருக்கு.

பீர் ஓடத் தொடங்கியது. மூடி போடுமுன் ஒவ்வொரு பாட்டிலிலும் அரை ஸ்பூன் சர்க்கரை. நுரை கொடுப்பது அதுதான். பாதி வேலையில் வாசல் கதவு தட்டப்பட்டது. விருந்துக் கமிட்டி கிளைவ்.

"நீ எதுக்குப்பா சிரமப்படணும்? பப்புல சொல்லி ஒரு பீப்பா எடுத்துக்கலாமே."

"எனக்கு என்ன சிரமம்? கடமைப்பா."

கிளைவ் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். என்ன நாகரிகமான மனுஷன் என்று நெவில் நெகிழ்ந்து திரும்பியபோது, டோரீன் கிழங்குச் சட்டியோடு நாற்காலிமேல் நின்றிருந்தாள். குழாயை நிறுத்த மறந்துவிட்டார். தரையெல்லாம் பீர்.

துடைத்து முடித்தபின்தான் பெரிய பிரச்சினை தெரிந்தது. எந்தப் பாட்டிலில் சர்க்கரை போட்டார், எதில் போடவில்லை? தூக்கிப் பார்த்தார். கலங்கல் பீரில் என்ன தெரியும்? ஒரு பாட்டில் சப்பென்று இருந்தாலும் மானம் போய்விடும். எதற்கு வம்பென்று எல்லாவற்றிலும் இன்னொரு தரம் போட்டார். இந்த முறை முழு ஸ்பூன்.

வியாழக்கிழமை மத்தியானம், மாடிப்படிக்குக் கீழே, பாட்டில்களை அடுக்கியிருந்த அலமாரிக்குள் 'டமார்' என்றது. டோரீனின் கையிலிருந்த டீ பாதி அவள் மடியில்.

அதிகச் சர்க்கரையில் பொங்கும் காற்று குளிர வைத்தால் அடங்கும் என்று, மிச்சத்தை மாடிக் குளியல் தொட்டிக்கு மாற்றினார். படியேறும்போது குலுங்கிய பாட்டில்கள் தொட்டிக்குள் ஒன்றையொன்று கூப்பிட்டு வெடித்தன. சரி, தப்பியவற்றின் மூடியைத் திறந்து காற்றை விட்டால் தீர்ந்தது என்று, தலையில் பால் பாத்திரமும் கையில் குப்பைத்தொட்டி மூடியுமாகப் போருக்குப் போனார். திறந்த பாட்டில் ஒவ்வொன்றும் கூரைக்குப் பீச்சியடித்துக் கடைசிச் சொட்டுவரை காலியானது.

"ஒண்ணாவது இருக்கா?" என்றாள் டோரீன், கதவுக்கு வெளியே பத்திரமாக நின்று.

"கூரையில இருக்கு."

தூக்குமேடைக்குப் போகிறவர்போல நடந்து போய்க் கிளைவிடம் சொன்னார். கிளைவ் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதற்கெல்லாம் மனசு உடையலாமா என்றார். சேதி நெவிலுக்கு முன்னால் தெருவில் ஓடிவிட்டது. வழியெல்லாம் ஆள் ஆளாக வந்து முதுகில் தட்டினார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்து கொடுத்தார். குறை சொல்ல ஒரு வாய் இல்லை.

"எவ்வளவு நல்ல ஜனங்க, டோரீன்," என்றார் நெவில், கேக்கை வெட்டிக்கொண்டே. டோரீன் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு எட்னா வந்தாள். தெருவிலேயே அவள் முகம் மட்டும்தான் வாடியிருந்தது.

"எல்லாமே போச்சா கண்ணு? ஒரு பாட்டில்கூடத் தப்பலையா?"

இல்லை என்று தலையாட்டினார். எட்னா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் நிஜமாகவே நீர். நெவில் நிமிர்ந்தார். வெறும் ஆறுதல் இல்லை இது. பீருக்காகவே ஒருத்தி அழுகிறாள்.

"உனக்கு அவ்வளவு பிடிக்குமா எட்னா?"

"நான் எங்க குடிச்சேன்? தெருவுல எல்லாரையும்போல முட்டைக்கோஸ் பாத்தியில கிண்ணத்துல ஊத்தி வைப்பேன், நத்தையெல்லாம் தேடி வந்து விழுந்து சாகும். கடை பீரை அதுங்க மோந்துகூடப் பாக்கறதில்ல, கண்ணு."