எலுமிச்சம்பழமும் மாப்பிள்ளையின் லேப்டாப்பும்

திருக்காட்டுப்பள்ளி
கார்த்திகை, 2012

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அரவிந்தன் அவர்களுக்கு, மாமா துரைக்கண்ணு அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். மற்றபடி எனக்கு முட்டிவலி, உங்கள் அத்தைக்குத் தூக்கமில்லை, சம்பாப் பயிருக்கு உயிரில்லை. தண்ணீர் கேட்டபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. நாற்றெல்லாம் பழுத்துப்போன பிறகு நிறையத் தண்ணீர் வந்தது. போனில் பேசாமல் இந்தக் கிழவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் என் மகள் குந்தவை பக்கத்தில் இருப்பாள், மனம்விட்டுப் பேச முடியாது. துணிக்கடை லியாகத் அலி பாயின் மகன் ஃபாஜில் வெள்ளிக்கிழமை உங்கள் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நீங்கள் எங்களுக்குக் கொடுத்த லேப்டாப் பற்றியது. “அத வித்துடுங்க மாமா, நான் புதுசா நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்புறேன். பிரசவத்த இங்கயே வச்சுக்கிறோம், குழந்தைய தெனமும் அதுலயே பாத்துக்கலாம்” என்று போனில் சொன்னீர்கள். நான் “சரிங்க மாப்பிள்ளை” என்றேன். உங்களிடம் வேறு எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. போனை வைத்ததும் உங்கள் அத்தை, “கண்ணாடிக்குள்ள இருக்குற புள்ளைய எப்படிங்க குளிப்பாட்டுறது?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு மட்டும் கிடைக்கிறது, நல்ல பேச்சு கிடைப்பதில்லை.

லேப்டாப் எப்படி உடைந்தது என்று நீங்கள் கேட்டபோது “தானா உடைஞ்சிடுச்சு” என்று சொன்னேன். தானாக உடையவில்லை. ஆயுத பூஜையன்று மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க், மோட்டார், டிராக்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். அப்போது உங்கள் அத்தை, “எம் பொண்ணு மொகம் தெரியுற பொட்டி அது ஒண்ணுதான், அத மட்டும் அனாதையா விட்டுட்டீங்களே” என்று மூக்கைச் சிந்தினாள். சரி என்று அதற்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். டிராக்டருக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோமே, இதற்கும் திருஷ்டி கழிக்க வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. இதற்குச் சக்கரம் கிடையாது. பக்கத்து வீட்டு இராஜாங்கம் வேலியில் சாய்ந்துகொண்டே, “மூடுற எடத்துல வச்சு ஒரே அமுக்கா அமுக்குங்கண்ணே” என்றான். அமுக்கினேன். நாட்டு எலுமிச்சை, லேசில் மசியவில்லை. முட்டியை ஊன்றி அமுக்கினேன். படக்கென்று சத்தம் வந்தது, பழம்தான் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். திறந்து பார்த்தால் பழம் முழுசாக இருந்தது. லேப்டாப்பின் கீல் இரண்டும் பெயர்ந்து, அடிப்பாகம் குறுக்கே வெடித்திருந்தது. என் முட்டிவலியும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அதன் பிறகும் சில நாள் திரையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதியில் குந்தவையின் தாடையும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. “நல்லா சாப்பிடுறேம்மா” என்று தாடை சொன்னது. கழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கழுத்தெலும்பு எண்ணிக்கொள்ளும்படி இருந்தது. அப்புறம் அதுவும் இருண்டுவிட்டது. அன்று இருவரும் சாப்பிடவில்லை.

தஞ்சாவூரில் பஞ்சநதம் என்று ஒருவர் இந்தச் சாமான்களைப் பழுது பார்க்கிறார். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல், பச்சைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். அவர் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார், என்னையும் ஒரு தரம் பார்த்தார். “உசுரு நல்லா இருக்குங்க. ஒடம்புதான் போயிடுச்சு. பாடிய மாத்துனா இன்னும் நாலு வருஷம் ஓடும்” என்றார். ஆனால் இந்த மாடலுக்குப் பாடி இப்போது வருவதில்லையாம். இதே மாடலில் உயிர் போன ஒன்று கிடைத்தால் அதன் உடம்பைக் கழற்றி இதற்குப் பூட்டலாம் என்றார். ஊர் ஊராகச் செத்த லேப்டாப் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு அலைந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவன் என்று ஒரு வீட்டில் காபிகூடக் கொடுத்தார்கள்.

கடைசியில் லியாகத் அலி பாய் வீட்டிலேயே ஒன்று இருந்தது. குவைத்திலிருந்து பெரிய மகன் அஸார் கொண்டுவந்தது, மேலே டீ கொட்டி உயிர் போயிருந்தது. பாய் நல்ல மனிதர், காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். ஆனால் அதில் எழுத்துப் பொத்தானெல்லாம் அரபியில் இருக்கிறது. உங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டு, “நாம தமிழ்ல பேசுனா அதுக்குப் புரியுமா?” என்கிறாள். பஞ்சநதம் அதைப் பூட்டிப் பார்த்து, ஒரு மூலை பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பிரித்து வைத்திருக்கிறார். இது ஒரு டப்பாவிலும் அது ஒரு டப்பாவிலுமாகக் கிடக்கின்றன.

சரி, நீங்கள் சொன்னபடி விற்றுவிடலாம் என்று பார்த்தேன். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, தன் மகளுக்கு வேண்டும் என்று இராஜாங்கம் வந்தான். “யாரு பேருல இருக்கு? வில்லங்கம் ஏதும் இல்லையே?” என்று நிலம் வாங்குபவன்போலக் கேட்டான். எல்லாம் பேசி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் திடீரென்று, “திருஷ்டி கழிச்ச சாமானத் தாண்டிப் போவவே யோசிப்போம், அதப்போயி வீட்டுக்குள்ள வைக்கச் சொல்றீங்களேண்ணே” என்று எழுந்துவிட்டான். அமுக்கச் சொன்னவனே அவன்தான். ஊர் முழுக்கவும் சொல்லிவிட்டான், இனி யாரும் தொடமாட்டார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, பாடியும் மாற்ற முடியாது, விற்கவும் வழியில்லை. புதிதாக ஒன்றைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். எங்கள் கைராசி உங்களுக்குத் தெரியும். குந்தவையின் முகத்தை இனி நேரில் பார்த்தால்தான் உண்டு. விமானத்தில் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் மாதம் வருவதற்குள் அனுப்பிவைத்தால், தையில் வளைகாப்பை இங்கே நடத்திவிடலாம். அங்கே ஆஸ்பத்திரி பெரியது, எல்லா வசதியும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலி எடுக்கும்போது அவள் அம்மா என்று கூப்பிட்டால் அங்கே திரும்பிப் பார்க்க ஆள் இல்லையே. முடிவு உங்களுடையது. நான் பெண்ணைக் கொடுத்தவன், கேட்க மட்டும்தான் முடியும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐயாறப்பரை வேண்டிக்கொள்ளும்,

மாமா
துரைக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனேன், கை வரவில்லை. அரபிப் பாடி கச்சிதமாகப் பொருந்திவிட்டது மாப்பிள்ளை. ஒரு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது, பளிச்சென்று ஓடுகிறது. அது ஓடுவது தெரிந்தால் நீங்கள் பெண்ணை அனுப்பமாட்டீர்கள் என்று உங்கள் அத்தை அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நானும் உடந்தை. இன்று மதியம் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பீரோ முன்னால் நின்றாள். “ஒரே ஒரு தடவ பாத்துட்டு மூடிடலாங்களா?” என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். சாவியை என் கையில் கொடுத்து, “இத எங்கிட்ட குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.