ஆயுதபூஜையில் வைத்த பலகை

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
விஜயதசமிக்கு மறுநாள்

மதிப்புக்குரிய சண்முகம் அத்தான் அவர்களுக்கு முருகானந்தம் வணங்கி எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் கோவில்பட்டியில் சுகமாக இருக்கக் கழுகுமலை முருகன் துணை இருப்பானாக. இங்கே நான், மகேஸ்வரி, அக்‌ஷயா மூவரும் உடம்பளவில் சுகம்தான். ஃபோனில் சொல்லலாம் என்றால், பாதியில் அக்கா வாங்கி அழ ஆரம்பித்துவிடுவாள், அதனால் கடிதமாகவே எழுதி கூரியரில் அனுப்புகிறேன். தாங்கள் பார்த்து அனுப்பிய வரன் விஷயமாக, பையனின் அம்மா இந்நேரம் தங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முன்னே நடந்ததும் பின்னே நடந்ததும் தெரிந்தால்தான் தாங்கள் நமக்காக நாலு வார்த்தை பேச முடியும். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது அத்தான். அக்‌ஷயாவுக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. இதுவரை வந்த வரன்களில் ஒருவரைக்கூட அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

முதலில் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்‌ஷயா ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் நம் கட்டுப்பாட்டில் இல்லை. பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீல் இருக்கிறது, ஜீல் என்றால் இங்கே ஏரி. விடிந்ததும் அங்கே போய், ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான ஒரு பலகையைத் தண்ணீரில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிறாள். உட்கார இடம் கிடையாது, போய்ச் சேர ஊரும் கிடையாது, போன வழியே திரும்பி வருகிறாள். எதற்கும்மா இது என்று கேட்டால், "கரையில நின்னு பாக்குறது வேற, தண்ணி மேல நின்னு பாக்குறது வேறப்பா" என்கிறாள். இதில் இறங்கியதிலிருந்து வீட்டில் பேச்சே மாறிப்போய்விட்டது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால் நாம் புடவையைப் பார்ப்போம், இவள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறாள். ஆகாயத்தாமரை எந்த மூலையில் மண்டியிருக்கிறது, எந்தப் பறவை முட்டையிட்டிருக்கிறது எல்லாம் அத்துப்படி. திரும்பி வரும்போது ஏரியில் மிதந்த பாட்டிலும் பாலிதீன் பையும் ஒரு சாக்கு நிறைய. ஊரில் எல்லோரும் குப்பையை வெளியே போடுகிறார்கள், இவள் வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். நான் கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷமாக உத்தியோகம் பார்க்கிறவன். எனக்குத் தண்ணீர் என்றால் கப்பல் வந்த நேரமும் போன நேரமும்தான். அதில் கால் வைத்ததே இல்லை.

பையன் வீட்டார் விஜயதசமியன்று காலை வருவதாக முடிவானதும் நான் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பூஜை லீவாயிற்றே, இவள் விடியற்காலையில் ஏரிக்குப் போய், முகம் வெயிலில் வெந்து, காலெல்லாம் சேறாக வந்து நின்றால் என்ன செய்வது. போகாதே என்றால் கேட்கிற பெண் இல்லை. அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. முதல் நாள் ஆயுதபூஜை. பூஜையில் வைத்த சாமானை மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம், அதை மட்டும் அவள் மீறமாட்டாள். அவள் தோழிகளோடு துர்கா பூஜைப் பந்தல் பார்க்கப் போன சமயம், கழுவிக் காயவைத்திருந்த பலகையைத் தூக்கி வந்து, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் படுக்கப்போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டேன். அவர்கள் வந்து போன பிறகு மறுபூஜை செய்துகொள்ளலாம் என்று கணக்கு. தீபாராதனை காட்டும்போது தட்டு லேசாகச் சாய்ந்து, ஒரு சூடக்கட்டி எரிந்தபடியே பலகை மேல் விழுந்தது. அத்தான், அது மரமே இல்லையாம். உள்ளே காற்று அடைத்ததாம். பார்வைக்கு அச்சு அசல் பலகை மாதிரி இருக்கிறது, எனக்கு யார் சொன்னார்கள். உஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த மகேஸ்வரி, "ஏங்க, அம்பாள் மூச்சு விடுறாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஓட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, "அம்பாள் இல்ல, பலகை. ஸ்கூட்டர் டிக்கியில பஞ்சர் ஒட்டுற சாமான் கிடக்கு, எடுத்துட்டு வா" என்றேன். ஒட்டி, பம்பால் காற்றடித்து, ஒட்டு வெளியே தெரியாதபடி தோசை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன். அக்‌ஷயா வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, இவ்ளோ பெரிய பொட்டு" என்றாள். பக்தி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பையன் பிரேம்குமார் அதிர்ந்து பேசாத பிள்ளை. கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே அக்‌ஷயாவிடம் காற்றைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் கேட்டான், அவளும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். எனக்கு மனசு குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். பையனின் அம்மா மாலை போட்ட பலகையைப் பார்த்து, "இது என்ன சாமிங்க" என்று கேட்டார்கள். விவரம் சொன்னதும், "தண்ணியில நிக்கிறதா, பயமா இருக்காதா, ஜாதகத்துல தண்ணியில கண்டம் ஏதும் இல்லையே" என்றார்கள். வரன் கைநழுவுகிறதோ என்ற பதற்றத்தில், "இதுல என்னங்க பயம், நீச்சல் தெரியாத நானே ஏறி உக்காருவேன்" என்று சொல்லிவிட்டேன். பையனின் அப்பா உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப போய்ப் பாத்துட்டே வந்துருவோமே, எங்களுக்கும் ஊர் பாத்த மாதிரி ஆச்சு" என்று எழுந்துவிட்டார். மகேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அவசரமாக மறுபூஜை நடந்தது.

பெரிய வண்டியாகப் பிடித்து, பலகையை மாலையோடும் பொட்டோடும் கூரை மேல் கட்டினோம். மாலையைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. விஜயதசமி இங்கே துர்கையைக் கரைக்கிற நாள் அத்தான். கொஞ்ச தூரம் போவதற்குள் மேளக்காரர்கள் வண்டிக்கு முன்னால் வந்து டாக் என்கிற பெரிய மேளத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி எங்களையும் விக்கிரக லாரிகளின் வரிசையில் சேர்த்துவிட்டார். நான் இறங்கிப் போய், "தாதா, எட்டா டாக்கூர் நோய்" என்றேன், அண்ணே, இது சாமி இல்லை என்று அர்த்தம். அவர் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம்பவில்லை. ஒரு சந்து வழியாகத் தப்பித்து வர நெடுநேரம் ஆயிற்று. பையனின் அம்மாவுக்கு மட்டும் ரொம்ப சந்தோஷம். "உங்களுக்கு இந்த ஊர்ல நல்ல மரியாதைங்க" என்றார்கள்.

ஏரிக்குப் போனதும் அக்‌ஷயா எனக்கு மிதவைச் சட்டையை மாட்டி, பலகை மேல் சம்மணம் போட்டு உட்காரவைத்து, கரையோரமாகவே இருக்கும்படி லேசாகத் தள்ளிவிட்டாள். காற்று கிளம்பி என்னை ஆகாயத்தாமரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சந்தனம் தண்ணீரில் கரைந்தது, முந்தின நாள் கேட்ட அதே சத்தம் கேட்டது, பலகை நடுவில் தொய்ந்து தொட்டிலாகிவிட்டது. நான் கையைத் தூக்கியதைக் கரையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அதற்குள் அக்‌ஷயா வேறொருவர் பலகையை வாங்கிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள். வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். ஆகாயத்தாமரை ஓரத்தில் ஒரு குருட்டுக் கொக்கு, பேர்தான் அப்படி, கண் நன்றாகத் தெரியும், மீனுக்காகக் காத்து நின்றது. இவள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். கரையில் மகேஸ்வரி அலறுகிறாள், பையனின் அப்பா கூச்சல் போடுகிறார், பிரேம்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். கொக்கு பறந்த பிறகுதான் இவள் என் பக்கத்தில் வந்து, "அப்பா, காலைக் கீழ ஊனுங்க" என்றாள். ஊன்றினேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

வண்டியில் ஏறி வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் பையனின் அம்மா மகேஸ்வரியிடம், "பெத்த அப்பா முங்கும்போதே கொக்கு சாப்பிடட்டும்னு நிக்கிற பொண்ணு, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஓடி வருமா" என்று கேட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று ரயிலேறிவிட்டார்கள். மகேஸ்வரி, "ஏண்டி நின்ன, சொல்லித் தொலை" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். "நின்னுட்டேன்மா, அவ்ளோதான்" என்று மட்டும் அக்‌ஷயா சொன்னாள். ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

ஆகவே அத்தான், தாங்கள் பெரிய மனசு பண்ணி அவர்களிடம் பேச வேண்டும். தண்ணீர் ஆழமில்லை என்று தெரிந்துதான் அவள் நின்றாள் என்று சொல்லுங்கள். சின்னப் பெண், ஏதோ ஒரு பறவைப் பைத்தியம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், பலகையை அப்பாவே விற்றுவிடப் போகிறார் என்றும் சொல்லுங்கள். தங்கள் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு உண்டு. அக்காவுக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு மகேஸ்வரி சொன்ன தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல்லவும். குலதெய்வம் நம் எல்லோரையும் காக்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
முருகானந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். மேலே சொல்லச் சொன்ன எதையும் அவர்களிடம் சொல்ல வேண்டாம் அத்தான். நான் கையைத் தூக்கியது காப்பாற்றச் சொல்லி இல்லை. அக்‌ஷயாவை நில் என்று சொல்லத்தான் தூக்கினேன். கொக்கு என் கைக்கெட்டும் தூரத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓர் இறகுகூட அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். காற்று போவது தெரிந்தது, தொடை நனைவது தெரிந்தது, மகேஸ்வரி அலறுவதும் கேட்டது. இவள் துடுப்புப் போட்டால் அது பறந்துவிடுமே என்பதுதான் எனக்கு அப்போது கவலை. அப்பா சொன்னாரே என்று நின்றவள், அத்தனை பேச்சையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு, இந்த நிமிஷம்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை. நடந்ததை அப்படியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அப்பன் ஒரு கிறுக்கன் என்றால் சொல்லிக்கொள்ளட்டும், பெண்ணை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பலகையை நான் விற்கப்போவதில்லை. காலையில் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டக் கொடுத்தாயிற்று.

கொக்குக்கு மீன் கிடைத்தது அத்தான். பெரிய மீன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து இருக்கிறது.