நார்த்தாமலை வழியில் மஞ்சள் தண்ணீர்

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களிடம் ஒரு பெரிய கோளாறு உண்டு. பட்டியலில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று நம்பிவிடுவார்கள். நான் அந்த ரகம். பல் தேய்ப்பதைக்கூட எழுதிவைத்து டிக் அடித்தால்தான் எனக்குப் பல் தேய்த்த திருப்தி வரும்.

சுற்றுச்சூழல் பொறியியல் முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை போய்த் திரும்பும் பெரிய சைக்கிள் பயணம் ஒன்றை எங்கள் நண்பர் குழு நடத்தியது. பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். குப்பை சேரக் கூடாது, யாரும் விடுபடக் கூடாது என்பது நோக்கம். இரண்டுக்கும் பொறுப்பாளர் நான். (வேறு யாரும் கை தூக்கவில்லை. வீட்டில் மட்டும் 'ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்' என்று சொன்னேன்.)

பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. வழியெல்லாம் மண்பானைத் தண்ணீர். பனியனுக்கு ரசாயனச் சாயம் கிடையாது. சுத்தமான மஞ்சளில் முக்கியெடுத்த பருத்தி. வழிகாட்ட ஃபிளெக்ஸ் கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கம்பு, அதில் மஞ்சள் துணி, ஒரு கொத்து வேப்பிலை. எல்லாமே மண்ணில் மக்கும். எல்லாவற்றுக்கும் டிக்.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். நாங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம்தான், ஆனால் அது சாக்கு ஆகாது. பங்குனி வந்தால் மஞ்சள் உடுத்தி நார்த்தாமலை மாரியம்மனுக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எங்கள் பயணமும் பங்குனியில்தான். ஆனால் என் பட்டியலில் வேப்பிலை இருந்தது 'மக்கும் பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ். மாரியம்மன் எந்தத் தலைப்பின் கீழும் இல்லை.

யாரும் விடுபடக் கூடாது என்பதற்காகக் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டிகள், புடவையோடு ஓட்டத் தோதான சைக்கிள்கள், இரண்டு பேர் மிதிக்கும் நீள சைக்கிள் ஒன்று. அதில் முன்னால் நான், பின்னால் அருளப்பன் சித்தப்பா. வங்கியில் வேலை பார்ப்பவர். பிறவியிலேயே கண் தெரியாது. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்யும்.

"வாரேன், ஸ்டெல்லா. ஆனா ஒனக்குத்தான் லிஸ்ட்டு புடிக்குமே, எழுதிக்க. கைதட்டக் கூடாது. போட்டோ கூடாது. பாதியில வேன்ல ஏத்தக் கூடாது. மத்தவங்க மாதிரி போயிட்டு, மத்தவங்க மாதிரி கால் வலிச்சுத் திரும்பணும். அம்புட்டுத்தான்."

எழுதிக்கொண்டேன். ஆனால் கிளம்பும் இடத்தில் மைக் பிடித்திருந்த நண்பர் என் பட்டியலைப் படித்தவரில்லை. "நம்மிடையே ஒரு சாதனையாளர்! பலத்த கரகோஷம்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை. நாலு பக்கமும் செல்போன்கள்.

"இன்னும் பெடல்லயே கால் வைக்கல," என்றார் சித்தப்பா. "அதுக்குள்ள என்னத்தச் சாதிச்சேன்னு அந்தாளக் கேட்டுச் சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. மிச்சமிருந்தது வேன் மட்டும்தான். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று மிதித்தேன்.

பாதி வழியில் ஓர் ஊர். சாலையின் இரு பக்கமும் பெண்கள், இடுப்பில் குடங்களோடு. முன்னால் போனவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் தன் விலையுயர்ந்த ஷூவைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நிற்க, காலில் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வேப்பிலையும் மஞ்சள் துணியும் முந்தின மாலையே ஊரைத் தயார்ப்படுத்திவிட்டனவாம். முதலில் வந்தவரிடம் "எங்கிட்டு போறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் பனியன் போட்ட அந்த மனிதர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: "நார்த்தாமலைக்கு."

மேற்கொண்டு என்ன விசாரணை? நான் குடிக்க வைத்திருந்த பானைகளில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலையும் போட்டுவிட்டார்கள். நடந்து வரும் பக்தர்களுக்குச் செய்வதுபோல், காலில் தண்ணீர் ஊற்றாமல் ஒருவரையும் விடுவதாக இல்லை.

கூட்டம் நகரவில்லை. பின்னாலிருந்து வேன் வந்துவிட்டது. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதியை எழுதியவள் நானேதான். ஓட்டுநர் நேராகச் சித்தப்பாவிடம் வந்தார்.

"சார், நீங்க மொதல்ல ஏறுங்க. ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"

சித்தப்பா ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

பச்சைச் சேலை கட்டிய ஓர் அக்கா குடத்தோடு நடுவில் வந்தார். "யார வேன்ல ஏத்துற? நேந்துக்கிட்டு வாரவுக. பாதியில வண்டியில ஏத்துனா சாமி குத்தம் ஒனக்கா, எனக்கா?"

ஓட்டுநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் காலை நீட்டினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, அது வந்து, இது ஒரு சுற்றுச்சூழல் விழிப்புணர்வு…" என்று ஆரம்பித்தேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"பேசாம இரு புள்ள," என்றார் சித்தப்பா. "தெறிக்கிற தண்ணி சில்லுன்னு இருக்கு."

"காலை நீட்டுங்கண்ணே," என்றார் அக்கா. நீட்டினார். அடுத்து என்னைப் பார்த்து, "என்னடி முழிக்கிற, நீயும் நீட்டு!"

குடிக்கத் தண்ணீர் இல்லையே என்று நான் கலங்கி நிற்க, வீடுகளிலிருந்து பானகமும் நீர்மோரும் செம்பு செம்பாக வந்தன. பிளாஸ்டிக் ஒன்றுகூட இல்லை. (இதற்கு டிக் அடிக்கலாமா என்று இன்னும் எனக்குக் குழப்பம்.) தெறித்த தண்ணீரில் என் இயற்கைச் சாயம் இளகி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை எல்லோரையும் மஞ்சளாக்கியது. ஊர் போய்ச் சோப்புப் போட்டவர்களின் பனியன் ரத்தச் சிவப்பாக மாறிய கதையை அவரவர் எனக்குப் படத்தோடு அனுப்பினார்கள்.

நாங்கள் மதியம் கடந்து திரும்பினோம். மைக் நண்பருக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே நிறம். யாரும் கைதட்டவில்லை. நான் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு அழவே ஆரம்பித்துவிட்டேன்.

"எதுக்கு அழுவுற?" என்றார் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே. "அந்த ஊர்ல எனக்குக் கண்ணு தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கல, கவனிச்சியா? காலை நீட்டுன்னுதான் சொன்னாக. ஒனக்கும் அதான், எனக்கும் அதான்." பிறகு, "யம்மா, காலு என்னா வலி வலிக்குது!" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று எங்கள் மாதா கோவிலில் பாதம் கழுவும் சடங்குக்குச் சித்தப்பாவையும் உட்கார வைத்தார்கள். பங்குச் சாமியார் முழந்தாளிட்டு அவர் காலில் தண்ணீர் ஊற்றினார். சித்தப்பா குனிந்து, கடைசி வரிசை வரை கேட்கும் ரகசியக் குரலில் கேட்டார்: "மஞ்சப் போடலையா, சாமி?"

அதிலிருந்து வருடாவருடம் கேட்கிறார். இந்த முறை வந்திருப்பவர் புதுச் சாமியார். புரியாமல் நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தார். குடும்பம் மொத்தமும் திரும்பி என்னைக் கைகாட்டியது.