வாசல் தாண்டாத வியாழன்

வியாழன் கிரகம் வாசற்கதவில் சிக்கிக்கொண்டது. கிரகத்துக்குள் மெஹக் இருந்தாள்.

"அத்தா, நவுர முடியல."

"அசையாத. வலிக்குதா?"

"வலிக்கல. வேர்க்குது."

ஜுல்ஃபிகர் தலையில் கை வைத்துக்கொண்டான். பூந்தமல்லியில் காருக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிறவன் அவன். எந்த வண்டி வந்தாலும் டேப்பும் கையுமாக நிற்பவன், சொந்த வீட்டுக் கதவை அளக்க மறந்துவிட்டான்.

இத்தனைக்கும் காரணம் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரிதான்: 'மாறுவேடம் வியாழன். உடையை வீட்டிலேயே செய்யவும்.'

அதற்கு முன்பே அவன் மனதில் ஒரு முள் தைத்திருந்தது. போன பெற்றோர் கூட்டத்தில் தாட்சாயிணி மிஸ், "அஞ்சாவது வந்தும் மெஹக் வாயே தொறக்க மாட்டேங்கறா. வீட்டுல பேசுவாளா?" என்று கேட்டார். "ஊட்லயும் அப்டித்தான் மிஸ்" என்று சொல்லிவிட்டான். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அவள் எழுவதற்குள் கடைக்குப் போய், அவள் தூங்கிய பிறகு திரும்புகிறவனுக்கு, மகள் பேசுவாளா மாட்டாளா என்று எப்படித் தெரியும்? இந்த மேடையிலாவது அவள் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அவன் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

"வியாழன்னா இன்னா வேஷம்மா?" என்று அவளிடமே கேட்டான்.

மெஹக் அவனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அறிவியல் புத்தகத்தை எடுத்து, பட்டை பட்டையாக இருந்த ஒரு கோளத்தைக் காட்டினாள்.

எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட ஜுல்ஃபிகர் மறுபடி புத்தகமும் கையுமானான். பொழுது சாயும்போதே கடையைச் சாத்தினான். பூட்டைப் பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று போன் போட்டு விசாரித்தார்கள்.

அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி போதும் என்று வெட்டினான். சுற்றிப் பார்த்தால் மெஹக்கின் முதுகு வெளியே தெரிந்தது. மெஹக் ஒரு சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த நூலைத் தட்டின் குறுக்கே வைத்துப் பார்த்தாள்.

"மூணு தபா வருது அத்தா. அப்பறம் கொஞ்சூண்டு."

"எல்லாத் தட்டுக்குமா?"

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. டம்ளர், அண்டா, தோசைக்கல் என்று வீட்டில் வட்டமாக இருந்த அத்தனையையும் இருவரும் அளந்தார்கள். எல்லாமே மூன்றும் கொஞ்சூண்டும்தான்.

"இது இன்னா அதிசயம்" என்றான்.

"அதிசயத்த அப்பறம் பாக்கலாம். தோசக்கல்ல குடுங்க" என்றாள் மனைவி அஷ்ரஃபுன்னிசா.

"இந்தச் செவப்புப் பொட்டு இன்னாம்மா?"

"புயல் அத்தா. நூறு வருசத்துக்கு மேல அடிச்சிகினே கீதாம்."

மனைவி பக்கம் திரும்பிய ஜுல்ஃபிகர், சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினான்.

கையில் பிடிக்க ஒரு பூமியும் வேண்டும் என்றாள் மெஹக். எலுமிச்சம்பழ அளவில் தைத்தான். வியாழனின் அகலம் அதைப் போலப் பதினொரு மடங்கு என்று புத்தகம் சொன்னது. கணக்கு சரியாகவே இருந்தது. கடைசி வரிசைக்காரர்களுக்கு எலுமிச்சை தெரியாதே என்று பூமியைச் சாத்துக்குடி ஆக்கினான். அங்கேதான் வந்தது வினை. பூமி ஒரு விரற்கடை பெருத்ததற்கு வியாழன் ஒரு சாண் பெருத்துவிட்டது. உள்ளே கம்பி வளையம் வேறு கொடுத்திருந்தான்.

"கதவ கழட்டிரலாமா?" என்றான் இப்போது.

"கழட்டுவீங்க. யாரு மாட்றது?" என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

கடைசியில் தையலைப் பிரித்து மெஹக்கை வெளியே எடுத்தான். வியாழனை மடக்கித் தெருவுக்குக் கொண்டுவந்து, அவளை உள்ளே நிறுத்தி மறுபடி தைத்தான். தைத்து முடித்த பிறகுதான் அவளால் உட்கார முடியாது என்பது தெரிந்தது. கூப்பிட்ட ஆட்டோக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிற்காமலே போனார். தெரு முனையில் லோடு ஆட்டோ ஓட்டும் வேம்புலிக்குச் சொல்லி அனுப்பினான்.

"இன்னா பாய் இது?"

"வியாழன்."

"இன்னிக்கி வியாழன்னு எனுக்குத் தெரியாதா? இது இன்னான்னு கேக்கறேன்."

அப்போதாவது அவனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் வண்டி குலுங்கக் குலுங்க, பின்னால் நின்ற கிரகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போனான்.

பள்ளிக்கூட மேடைக்குப் பக்கத்தில் தக்காளி, வெண்டைக்காய், புடலங்காய், இரண்டு முருங்கைக்காய்கள் நின்றன. மருந்துக்குக்கூட ஒரு கிரகம் இல்லை.

"சார், இது?" என்றார் தாட்சாயிணி மிஸ்.

"வியாழன் மிஸ். நீங்கதான போட்டீங்க."

மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் கிழமைய போட்டேன் சார். வியாழக்கிழமை. வேஷம் காய்கறி. அத பசங்க கிட்ட..."

அதற்குள் ஒலிபெருக்கியில் மெஹக்கின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜுல்ஃபிகருக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. தன் படிப்பின் லட்சணம் பிள்ளையின் தலையில் விடிந்ததே என்று கண் கலங்கியது. எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள். இனி அவள் ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டாள்.

சிரிக்கத்தான் செய்தார்கள். அடங்கும்வரை மெஹக் காத்திருந்தாள்.

"நான் வியாழன். என் கையில இருக்கறது பூமி. இதப் போல பதினொன்ன வரிசையா வெச்சாத்தான் என் அகலம் வரும். என்னச் சுத்தி அளந்தா மூணு மடங்கு, அப்பறம் கொஞ்சூண்டு. எந்த வட்டமா இருந்தாலும் அப்படித்தான். நானும் எங்க அத்தாவும் தோசக்கல்ல அளந்து பாத்தோம்."

புயலைச் சொன்னாள். தனக்குத் தரையே கிடையாது, யாரும் தன்மேல் வந்து நிற்க முடியாது என்றாள். பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவேன் என்று ஒரு சுற்றும் சுற்றிக் காட்டினாள். அவளிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்கத்தான் மிஸ் பாடுபட வேண்டியிருந்தது.

கைதட்டல் ஓயவில்லை. ஜுல்ஃபிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற தக்காளியைப் பார்த்தான். வகுப்பில் மெஹக்குக்குப் பக்கத்தில் உட்காரும் ஸ்வாதி.

"ஏம்மா, காய்கறின்னு மெஹக் கிட்ட மட்டும் யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்களே அங்கிள், அவளுக்குக் கத்திரிக்கா. கத்திரிக்கான்னா நீங்க அரை மணி நேரத்துல தெச்சுக் குடுத்துட்டு கடைக்குப் போய்டுவீங்களாம். அதான் இருக்கறதுலயே பெருசா பாத்துக் காமிச்சாளாம்."