கடைசி பெஞ்ச் தராத சீட்டு

மாட்டுங்காவிலிருந்து சயான் வரை கல்லூரி ஆசிரியர்கள் அத்தனை பேரும் பயந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான். அவர் பேராசிரியரும் இல்லை, பிரின்சிபாலும் இல்லை. எங்கள் கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூட ஸ்டோர் கீப்பர். பாலக்காட்டுக்காரர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ‘கடைசி பெஞ்ச்’.

ஸ்டோரில் தெர்மாமீட்டர் கேட்டால் மூன்றாம் நாள் தராசுத் தட்டு வரும். அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை. எந்த வகுப்பு நடந்தாலும் பின்கதவு வழியாக நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பம்பாய்ப் புழுக்கத்திலும் கழுத்தில் கம்பளி மப்ளர். மணி அடித்ததும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஏதோ எழுதி, ஆசிரியர் கையில் திணித்துவிட்டுப் போவார்.

கணிதப் பேராசிரியர் கரும்பலகையோடு மட்டும் பேசுகிறவர். அவருக்கு வந்த சீட்டு: ‘முதுகு நன்றாக நடத்தியது. முகத்துக்கு இன்று லீவா?’ ரசாயன லெக்சரர் முன்வரிசைக் கான்வென்ட் பையன்கள் இரண்டு பேரை மட்டுமே கேள்வி கேட்பார். அவருக்கு: ‘மீதி எழுபது பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்களா?’ ‘இது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்’ என்று மணிக்குப் பதினோரு தடவை சொல்லும் ஆங்கில ஆசிரியருக்கு: ‘தெரியாதவர்கள் எந்தக் காலேஜில் சேர வேண்டும்?’

கணிதப் பேராசிரியர் புகார் செய்தார். தஞ்சாவூர்க்காரரான பிரின்சிபால் எங்கள் எல்லோர் முன்னாலும் விசாரித்தார்.

“ஸ்டோரைப் பூட்டிட்டு கிளாஸ்ல என்னய்யா பண்றீர்?”

“கேட்டுண்டிருக்கேன் சார்.”

“உம்மை யார் கேக்கச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லலை சார். அங்க உக்காந்திருக்கறவாளுக்குக் கேக்கறதான்னு பாத்தேன். கேக்கலை.”

பிரின்சிபால் கண்ணாடியைத் துடைத்தார். அந்த வெள்ளிக்கிழமை ஒழுக்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் அவர் சொற்பொழிவு செய்தார். அவருக்கும் சீட்டு போனது: ‘முதல் மணி நேரம் பிரமாதம். இரண்டாவதில் உங்களுக்கே கொட்டாவி வந்தது.’ அதற்குப் பிறகு யாரும் புகார் செய்யவில்லை. ஆறே மாதத்தில் ஸ்டோர் வாசலில் ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். கணிதப் பேராசிரியர் கையில் டீயோடு வருவார்.

“ஓய், இன்னிக்கு எத்தனை தடவை பசங்க பக்கம் திரும்பினேன்?”

“நாலு.”

“ஆறு. சரியா எண்ணும் ஓய்.”

எனக்கு மட்டும் சீட்டு வரவில்லை.

நான் அங்கே பௌதிக லெக்சரராகச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. பாடத்தை ஐந்து ஐந்து நிமிஷமாகப் பிரித்து அட்டையில் எழுதி எடுத்துப் போவேன். சிவப்பு மை தவறுக்கு, பச்சை மை உதாரணத்துக்கு. என் வகுப்பு காலையில் முதல் வகுப்பு. அந்த நேரத்தில் அவர் ஸ்டோரைத் திறக்க வேண்டும் என்பதால் வருவதில்லை என்று மற்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். நான் சமாதானமாகவில்லை. பிள்ளைகள் சந்தேகம் கேட்கக்கூட என்னிடம் வராமல் ஸ்டோருக்குப் போனார்கள். ஓம் விதியை அவர் தப்பாகச் சொல்லுவார், அவர்களும் சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள். இரவெல்லாம் அட்டை எழுதியவளுக்கு வயிறு எரியாதா?

செப்டம்பரில் ஒருநாள் அவர் ஸ்டோர் சாவியைத் தொலைத்தார். வேறு போக்கிடம் இல்லாமல் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அன்று நான் நடத்தியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் நடத்தியதில்லை. மணி அடித்தது. மப்ளரைச் சரிசெய்துகொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டார். சீட்டு இல்லை.

மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு வெட்கத்தை விட்டு, அதற்குள் சாவி கிடைத்துத் திறந்திருந்த ஸ்டோருக்கே போனேன்.

“எனக்கு ஏன் சீட்டு தரலை?”

“பாடத்துல சொல்றதுக்கு ஒண்ணுமில்லை மிஸ். முதல்தரமாக்கும்.” தலையைச் சொறிந்தார். “நீங்க ஆஜர் எடுக்கறச்சே சுடலைமுத்துன்னு கூப்பிட்டேளே, எம்பக்கத்துல ஒரு பொண்ணு தலையைக் குனிஞ்சுண்டா. ஏன்னு கேட்டேன். அதை பஸ் டிக்கெட்டுல எழுத முடியாது. நீங்களே கேளுங்கோ.”

ஸ்டோரின் மூலையில், உடைந்த பேட்டரிப் பெட்டிமேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். தாராவியிலிருந்து வருகிறவள். தினமும் பார்க்கிற முகம். பெயர் கேட்டதில்லை.

“இசக்கியம்மாள், மிஸ்.”

அப்படி ஒரு பெயர் என் ரிஜிஸ்டரில் கிடையாது. சுடலைமுத்து யார் என்றேன்.

“எங்க அப்பா பேரு. அதே பேருல ஒரு பையனும் சேந்திருக்காம்னு நெனைச்சேன். ஒருநாளும் வரலியே, பாவம், மேலுக்கு முடியலியோ என்னவோன்னு வருத்தமா இருந்துது.”

அட்மிஷன் அன்று மராட்டி குமாஸ்தா வழக்கம்போல ‘ஆட்நாவ்’ கேட்டிருக்கிறார். குடும்பப் பெயர். நம்மிடம் ஏது அது? மகளுக்குப் பதிலாக அப்பா முந்திக்கொண்டு தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். ரிஜிஸ்டரில் ஏறியது அது மட்டும்தான்.

“உன் பேரைக் கூப்பிடலைன்னு ஏன் சொல்லலை?”

“லிஸ்ட்ல இல்லன்னு தெரிஞ்சா வெளிய போகச் சொல்லிருவியளேன்னு பயந்தேன் மிஸ். அதான் பேசாம பாடத்தை மட்டும் கேட்டுட்டுப் போயிருவேன்.”

எங்கள் கல்லூரியில் நாளுக்கு ஒருமுறை, முதல் வகுப்பில் மட்டும்தான் ஆஜர். அந்த ரிஜிஸ்டரை வைத்துத்தான் பரீட்சைக்கு அனுமதி. தினமும் வந்த பெண்ணுக்கு அறுபத்தொரு சிவப்புப் பெருக்கல் குறிகள் போட்டிருந்தேன், ஸ்கேல் வைத்தது போல் ஒரே அளவில். பரீட்சைக்குத் தகுதியில்லாதவர் பட்டியல் மறுநாள் காலை போகவேண்டும். அதில் முதல் பெயர் சுடலைமுத்து.

இதில் கூடுதல் வேடிக்கை, என்னையும் அந்தக் கல்லூரியில் எல்லோரும் என் அப்பாவின் பெயரால் ‘மிஸ் வைத்தியநாதன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மாணவியாக இருந்த காலம் முதல் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

அடித்தல் திருத்தல் இல்லாத ரிஜிஸ்டர் என்று பிரின்சிபால் நாலு பேரிடம் காட்டிய ரிஜிஸ்டர் அது. அறுபத்தொரு இடத்தில் அடித்து, அறுபத்தொரு கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்தேன்.

“என்னம்மா இது, அம்மை போட்டாப்போல?”

“என் தப்பு சார். அவ தினம் வந்திருக்கா. நான்தான் பாக்கலை.”

பட்டியலை வாங்கி முதல் பெயரை அடித்தார்.

மறுநாள் ரிஜிஸ்டரைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்து, “இசக்கியம்மாள்” என்று கூப்பிட்டேன். எழுந்து நின்றாள். ‘பிரசென்ட்’ என்று சொல்ல வரவில்லை.

“இருக்கேன் மிஸ்.”

அந்த வாரம் அவள் வீட்டிலிருந்து கருப்பட்டி மிட்டாய் வந்தது. எனக்கு இரண்டு துண்டு. கடைசி பெஞ்சுக்கு ஒரு முழுப் பொட்டலம். எண்ணிப் பார்க்கவில்லை, கண்ணாலேயே எடை போட்டேன். அன்று காலையும் என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்த அவர், மிட்டாயை மென்றுகொண்டே என் கையில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்தார். ‘இன்று பின்னால் வரை கேட்டது.’

போன வருஷம் விக்ரோலியில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு ஸ்டோர் கீப்பராகப் போய்விட்டார். அங்கே தொழிலாளர்களுக்கு யாரோ ஒரு பையன் சாயங்கால வகுப்பு எடுக்கிறானாம். இவர் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாராம், மப்ளரோடு.

அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கிறது.