முன்னேறிய வகுப்பும் முன்னேறாத மாப்பிள்ளையும்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கையும் நலம். நலத்திலும் அவள் ஒரு படி மேலே.

பள்ளித் தாளாளராகிய தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறப்பு வகுப்பை மூடிவிடுங்கள். பொறாமையில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். பொறாமைதான். ஆனால் காரணத்தோடு.

என் நாலாம் வகுப்பில் நன்றாக ஓதுகிற, கணக்குப் போடுகிற பிள்ளைகளைப் பொறுக்கித் தனி அறையில் உட்கார வைத்தீர்கள். பொறுப்பு உங்கள் தங்கை. அவர்களுக்குக் கம்பளம், கண்ணாடிக் கதவு அலமாரி. எங்களுக்கு மின்விசிறி. சுற்றும், காற்று வராது. அந்த அறைக் கதவில் 'முன்னேறிய வகுப்பு' என்று பலகை வேறு. அன்றே பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"உஸ்தாத், அவங்க முன்னேறிட்டாங்கன்னா நாம எங்க நிக்கிறோம்?"

"வராந்தாவுக்கு இந்தப் பக்கம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டிலும் வகுப்பு முடிவதில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க வண்ண அட்டை, மின்னும் நட்சத்திரம். தேநீர் போட்டுக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "முயற்சி தெரியுது, இன்னும் பயிற்சி வேணும்"ங்கிறா. கல்யாணமான நாள்லேருந்து இதே டீதானே மச்சான்?

இதையெல்லாம் பொறுத்தேன். ஏன்குட்டியைக் கொண்டுபோனதுதான் பொறுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்பதால் அந்தச் சிறுமிக்கு நான் வைத்த பெயர். அவள் கேட்டால் பாடம் பாதியில் நிற்கும். வகுப்பு விழித்துக்கொள்ளும். இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் சொல்வதெல்லாம் சரியாகிவிடுகிறது. சுவத்துக்குப் பாடம் நடத்துற மாதிரி இருக்கு. நேத்து ஏன்குட்டி உங்க தங்கச்சி கையைப் புடிச்சுக்கிட்டு வராந்தால போனா. எனக்கு ஒரு ஸலாம். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்ல. வயிறு எரிஞ்சுது மச்சான்.

மூட முடியாவிட்டால், அவளை மட்டுமாவது திருப்பித் தாருங்கள்.

வல்ல இறைவன் தங்கள் ஆயுளையும், என் கடிதங்களைப் படிக்கும் பொறுமையையும் நீட்டித் தரட்டும்.

இப்படிக்கு,
வராந்தாவுக்கு இந்தப் பக்கத்து மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கையே ஏன்குட்டியை என் வகுப்புக்கு அழைத்து வந்தாள். "கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்." வெற்றி! தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் பாடத்தை உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"உஸ்தாத், மீன் எப்பவும் தண்ணிக்குள்ளதானே இருக்கு. அதுக்கு ஒளு முறியுமா?"

வகுப்பே விழித்துக்கொண்டது. நானும் விழித்தேன்.

"டீச்சருக்குப் பதில் தெரியும், உஸ்தாத். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

சிறப்பு வகுப்பை மூட வேண்டாம். அங்கே எனக்கு ஓர் இடம் கிடைக்குமா, பாருங்கள். கம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.