வாய்க்குள் ஒரு மாவுக்கட்டு

எனக்கு வாய் அடங்காது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். எனக்குக் கல்யாணம் நடந்ததே, அந்த வாய் ஒருநாள் அரை மணி நேரம் அடைபட்டுக் கிடந்ததால்தான்.

யுத்தகாலம். போடியில் எனக்குச் சுண்ணாம்புக் கல் சுடுகிற காளவாசல் இருந்தது. வயது இருபத்தாறு. அதற்குள் இரண்டு சம்பந்தம் கெட்டுப்போயிருந்தது. முதல் வீட்டில், காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்றேன் (இருந்தது). இரண்டாவது வீட்டில், புதிதாகக் கட்டிய மச்சு வீட்டைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினார்கள். "சுண்ணாம்பை ஒழுங்கா அரைக்கல, இந்தச் செவரு ஒரு மழை தாங்காது" என்றேன். பெண்ணின் அண்ணன் விட்ட குத்தில் மேல்வரிசை முன்பல் ஒன்று போயிற்று. (ஐப்பசியில் அந்தச் சுவர் விழுந்தது. பல் திரும்பி வரவில்லை.)

மூன்றாவது, காமயகவுண்டன்பட்டிப் பெண். பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. என் தாய்மாமன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஏலே, இதுவும் போச்சுன்னா இனி ஒனக்காக ஒருத்தன் வாசலையும் நான் மிதிக்க மாட்டேன். பல்லைக் கட்டு. வாயையும் கட்டு."

கடைத்தெருவில் பல் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மாமாவே என்னை இழுத்துக்கொண்டு போனார். பொய்ப்பல் செய்ய முதலில் அச்சு எடுக்க வேண்டுமாம். கிண்ணத்தில் வெள்ளை மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார் அவர். கால் ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதே மாவு. சுண்ணாம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. லாடம் மாதிரி இருந்த தகரத் தட்டில் அதை அப்பி, என் மேல்வாயில் வைத்து அழுத்தினார்.

"சூடு ஏறும். ஏற ஆரம்பிச்சதும் கையத் தட்டுங்க, வந்து எடுத்துருவேன். விட்டா இறுகிரும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

சூடு ஏறியது. நான் கையைத் தட்டவில்லை. எனக்கே சொல்லிக் கொடுக்கிறானா என்ற திமிர். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். கொதி அடங்கி ஆறின பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். பத்து வருடமாகச் செய்கிற தொழில். ஆகவே ஆறட்டும் என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நன்றாக ஆறியது. பிறகு தட்டினேன்.

அவர் வந்து தட்டைப் பிடித்து இழுத்தார். தட்டு வரவில்லை. என் தலை வந்தது. மாமா என் தோளை அமுக்கிக்கொள்ள, மறுபடி இழுத்தார். நாற்காலியும் வந்தது. என் பல்வரிசை கோணல்மாணல். சந்துபொந்தெல்லாம் மாவு புகுந்து கல்லாகியிருந்தது.

"சூடு ஏறலையா?"

ஏறியது என்று தலையாட்டினேன்.

"பெறகு ஏன் தட்டல?"

பதில் சொல்ல வாய் இல்லை. (இருந்திருந்தால் பழியை அவர் மேல்தான் போட்டிருப்பேன்.)

"ஒடைச்சுத்தான் எடுக்கணும்" என்று, எதிரே இருந்த நகைப் பட்டறையில் சின்ன உளி வாங்கிவரப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு குரல். "என்ன, மாப்பிள்ளைக்குப் பல்லு வலியாக்கும்?"

பெண்ணின் அப்பா. சொல்லாமல் கொள்ளாமல் கரி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். (யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி எரித்துத்தான் ஓடின.) முகமெல்லாம் கரி. மாமா தன் துண்டை எடுத்து என் வாயில் போர்த்தினார்.

"லேசா வீக்கம். மத்தபடி பயலும் அதிகம் பேச மாட்டான்" என்றார், கூசாமல்.

வந்தவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தோட்டத்துல தண்ணித் தொட்டி கட்டிருக்கேன் தம்பி. காலையில சுண்ணாம்பைத் தண்ணி ஊத்தி நீத்தி, மத்தியானமே பூசிட்டோம். வாரக்கணக்கா ஊறப் போடணும்கிறதெல்லாம் சோம்பேறிப் பயலுக கதை. என்ன சொல்றீக?"

என் காது சுட்டது. "ம்" என்றேன்.

"காளவாசக்காரனுக பூராம் மண்ணைக் கலந்துதான் விக்கிறானுக. ஒங்களைச் சொல்லல."

"ம்." கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாவம், வலி போல" என்று எழுந்தார். "மருவாதி தெரிஞ்ச பிள்ளை. தையில முடிச்சிருவோம்" என்று மாமாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

உளி வந்தது. தட்டித் தட்டி, மாவு சில்லுச் சில்லாக உதிர்ந்தது. கடைசிச் சில்லோடு பக்கத்துப் பல்லும் வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் கடையை இரண்டாக்கியிருப்பேன். நாக்கு அசைகிறது, சம்பந்தமும் நிற்கிறது, வேறென்ன வேண்டும்? நான் பேசிய முதல் வார்த்தை, "அந்தத் தொட்டி ஒழுகும் மாமா."

மாமா மறுபடி துண்டை எடுத்தார்.

தையில் கல்யாணம். மறுவீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தோட்டத்துக்கு நடந்தேன். கிணறு இருந்தது, தென்னை இருந்தது, தொட்டியைக் காணோம்.

என் மனைவி சிரித்தாள். "இங்கன ஏது தொட்டி? ஒங்க வாயைப் பத்தி ஊரெல்லாம் சொன்னாக. சீண்டிப் பாக்கத்தான் அப்பா வந்தாக. எதிர்ப் பட்டறையில அப்பா வழி கேக்கப் போனப்ப, பல்லு கட்டுறவரு அங்க உளி கேட்டுக்கிட்டு நின்னாராம். அப்பவே வெவரம் தெரிஞ்சுபோச்சாம்."

"தெரிஞ்சுமா என்னையப் பிடிச்சாக?"

"நேரா வீட்டுக்கு வந்து என்கிட்ட, 'ஆத்தா, இந்த மாப்பிள்ளை வாயை அடைக்க வழி இருக்கு. தைரியமாக் கட்டிக்க'ன்னாக."

அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் இவள் அடுப்படியிலிருந்து கேட்பாள், "மாவு கொழைக்கவா?" பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு மருமகள்கள். போன வாரம் பால்காரனை நான் வைதுகொண்டிருந்தபோது, மூன்று வயதுப் பேத்தி வெறும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ம்" என்றேன்.